நெறி எடுத்த கால்: மெலனோமா அறுவைக்கு முன்னும் பின்னும்

காலில் முள் தைத்துப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். டெல்டாவில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நெறிதான் நிணநீர்க்கணு. புண்ணால் கட்டிய நெறி வலிக்கும். புண் ஆறினால் ஒன்றிரண்டு வாரத்தில் அமுங்கிவிடும். வலியே இல்லாமல், கல் மாதிரி, வாரத்துக்கு வாரம் பெரிதாகிற நெறி வேறு ரகம்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் நம் ஆட்களுக்கு வெயில் படும் முகத்திலோ முதுகிலோ வருவதைவிட, உள்ளங்காலிலும் குதிகாலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வருகிறது. கறுப்புத் திட்டாக ஆரம்பிக்கும். கால் ஆணி என்றும், நடவுச் சேற்றின் கறை என்றும், கல்லில் இடித்து ரத்தம் கட்டியது என்றும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அங்கிருந்து நோய் முதலில் போய் நிற்கும் இடம் தொடையிடுக்கு நெறி.

பயாப்சியில் மெலனோமா என்று உறுதியாகி, நெறியையும் எடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவருக்கும், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் இந்தக் குறிப்பு. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு ஒரு மாதம் டியூபோடும் தையலோடும் மல்லுக்கட்டு. அதற்கு அப்புறம் கால், அது ஆயுசுக்கும். பெரும்பாலான வீடுகள் முதல் பகுதிக்கு மட்டும்தான் தயாராகின்றன.

எந்த அறுவை என்று முதலில் கேளுங்கள்

"நெறி ஆபரேஷன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு அறுவைகள் நடக்கின்றன.

முதலாவது, காவல் கணு பயாப்சி. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயமும், டெக்னீஷியம் என்ற லேசான கதிரியக்க மருந்தும் ஊசியாகப் போடுவார்கள். அவை நிணநீர் வழியே ஓடி முதலில் எந்தக் கணுவில் போய்ச் சேர்கின்றனவோ அந்த ஒன்று, இரண்டு கணுக்களை மட்டும் சின்னக் கீறலில் எடுத்துச் சோதிப்பார்கள். டொனால்ட் மார்ட்டன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் குழு 1992-ல் வெளியிட்ட முறை இது. கட்டியின் ஆழம் 0.8 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, கட்டியின் மேல்தோல் புண்ணாகியிருந்தாலோ இதைப் பற்றிப் பேச்சு வரும். ஆழம் பயாப்சி ரிப்போர்ட்டில் "பிரெஸ்லோ" என்ற பெயரில் இருக்கும். அந்த எண்ணை நீங்களே தேடிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போனால் பதற வேண்டாம், அது சாயம். ஊசி போட்ட இடத்தில் நீலத் தழும்பு சில மாதம்கூட நிற்கும்.

இரண்டாவது, முழு நெறி அகற்றல். தொடையிடுக்கில் இருக்கும் கணுக்கள் அத்தனையையும் கொழுப்போடு சேர்த்து வழித்தெடுப்பது. தொல்லை எல்லாம் இதில்தான்.

முன்பெல்லாம் காவல் கணுவில் துளி நோய் தெரிந்தாலே இரண்டாவது அறுவைக்கு அழைத்துப் போவார்கள். 2017-ல் வெளியான, 1,900-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஆய்வு அந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. காவல் கணுவில் நோய் இருந்தவர்களில் ஒரு சாராருக்கு மீதிக் கணுக்களையும் எடுத்தார்கள். மறு சாராரை ஸ்கேன் செய்து கண்காணித்தார்கள். 3 ஆண்டு முடிவில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் இரு பக்கமும் 86 சதவீதம். ஆனால் நிணநீர் தேங்கி வரும் கை, கால் வீக்கம்? முழுவதும் எடுத்தவர்களில் 24.1 சதவீதம், கண்காணித்தவர்களில் 6.3 சதவீதம். ஒரு வருட முன்னதாக, 2016-ல், ஜெர்மனியில் நடந்த ஆய்வும் இதே பக்கம்தான் சாய்ந்தது. முழு அறுவைக்கு ஒரு லாபம் உண்டு: அந்த இடத்திலேயே நோய் திரும்புவது குறைகிறது. உயிரைக் கூட்டித் தரவில்லை, அவ்வளவுதான். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் மக்களிடம் நடந்தவை; உள்ளங்கால் மெலனோமா அவர்களிடம் குறைவு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை. 2017 ஆய்வில், முதல் 2 ஆண்டுகளில் 4 மாதத்துக்கு ஒரு முறை, 3 முதல் 5-ம் ஆண்டு வரை 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை நெறி இருந்த இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். அறுவடை, கல்யாணம், கோயில் திருவிழா என்று இரண்டு தவணையை விட்டுவிட்டால் கண்காணிப்பு வெறும் பேச்சாகிவிடும். வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ 4 மாதத்துக்கு ஒரு முறை வர முடியாத நிலை என்றால், அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது சாக்கு அல்ல. முடிவை மாற்றக்கூடிய மருத்துவத் தகவல்.

கையால் தொட்டாலே தெரிகிற அளவுக்கு நெறி பெரிதாகியிருந்தால் கதை வேறு. அங்கே முழு அகற்றல்தான் இன்றும் வழக்கம். ஆனால் அதற்கு முன்பே, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் மருந்தைத் தொடங்குவது இப்போது பேசப்படுகிறது. 2023-ல் வெளியான ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 3 தவணையை அறுவைக்கு முன்பே கொடுத்தவர்களில், 2 ஆண்டு கழித்து நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 72 சதவீதம். எல்லாத் தவணையையும் அறுவைக்குப் பின் கொடுத்தவர்களில் 49 சதவீதம். மருந்து அதேதான், வரிசை மட்டும் மாறியது. விலை மிக அதிகம் என்பது உண்மை. எட்டுமோ எட்டாதோ, "அறுவைக்கு முன்னால் மருந்து கொடுக்க வழி உண்டா?" என்ற கேள்வியை அறுவைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கணுவை எடுத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தேதி குறித்த பிறகு, வீட்டில்

சேற்றுப்புண்ணை ஆற்றுங்கள். கால்விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, வெடித்து, அரிக்கிற அந்தப் புண்தான் கிருமி உள்ளே நுழையும் வாசல். காலையும் மாலையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஒற்றித் துடைத்து, காற்றாட விட்டு, பூஞ்சை மருந்துக் களிம்பு தடவினால் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். நடவு முடிந்த கையோடு வந்து அறுவைக்குப் படுப்பவர்களிடம் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; பல இடங்களில் கடைசிவரை யாரும் பார்ப்பதில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். தொடையிடுக்குத் தோல் ஏற்கெனவே மெல்லிய விளிம்பாக அறுக்கப்படும். நிகோடின் அந்த விளிம்புக்குப் போகும் ரத்தத்தையும் சுருக்கினால் தோல் கறுத்து உதிரும்.

அடுத்தது, செலவே இல்லாத வேலை. இதைச் செய்பவர்கள் குறைவு என்பதால் விரிவாகவே சொல்லிவிடலாம். இரண்டு காலையும் அளந்து எழுதுங்கள். தையற்கடை டேப் ஒன்று போதும். காலையில் எழுந்ததும் கட்டிலில் காலை நீட்டி உட்கார வையுங்கள். குதிகாலைச் சுவரோடு ஒட்டி, தரையிலிருந்து அளப்பது போல உள்ளங்கால் மட்டத்திலிருந்து மேலே 10, 20, 30, 40, 50, 60 செ.மீ. உயரங்களில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் டேப்பைச் சுற்றி, தோலை அமுக்காமல், தொளதொளவென்றும் விடாமல் படிக்க வேண்டும். பாதத்தின் நடுவிலும் ஒரு அளவு. வலது, இடது இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவிடுங்கள். பின்னால் கால் வீங்குகிறதா என்ற சந்தேகம் வரும்போது, "முன்னாடி எப்படி இருந்தது?" என்ற கேள்விக்கு அந்த ஒரு பக்கம்தான் பதில். இரண்டு கால்களும் பிறவியிலேயே அரை செ.மீ. வித்தியாசமாக இருப்பது சகஜம்; முன்னளவு இல்லாவிட்டால் அதையும் வீக்கம் என்று குழப்பிக்கொள்வீர்கள்.

முன்பு எப்போதாவது யானைக்கால் நோய்க்கு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, அடிக்கடி குளிர்காய்ச்சலோடு நெறி கட்டிக் கால் சிவந்திருந்தாலோ, விதைப்பை வீங்கியிருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். கும்பகோணம் பகுதி ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பெயர் போனது. ஏற்கெனவே நைந்த நிணநீர்க் குழாய்கள் உள்ள காலில் கணுவையும் எடுத்தால் வீக்கம் சீக்கிரம் வரும்.

கழிவறையையும் பாருங்கள். தொடையிடுக்கில் தையல் இருக்கும்போது குந்தி உட்காரக் கூடாது. இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீடுகளில் அதன்மேல் வைக்கிற துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் இதே கணக்கில் சேரும்.

டியூபும் பையும்

கணுக்களை எடுத்தபின் அறுந்த நிணநீர்க் குழாய்கள் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீரை வெளியேற்றத்தான் டியூப். இங்கே அதிகம் காண்பது துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் உறிஞ்சு டப்பா. அதை அமுக்கி மூடினால் விரியப் பார்க்கும். அந்த இழுவையில்தான் நீர் வரும். டப்பா முழுக்க விரிந்துவிட்டால் இழுவை இல்லை. நீர் நிறைந்து விரிந்ததா, காற்று புகுந்து விரிந்ததா என்று பார்ப்பதுதான் வீட்டில் இருப்பவரின் முதல் பாடம்.

காலி செய்யும் முறை: கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டியூபில் இருக்கும் கிளிப்பை மூடுங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து, மி.லி. கோடு போட்ட குவளையில் ஊற்றுங்கள். டப்பாவைத் தட்டையாகும்வரை அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடியைப் போடுங்கள். கடைசியாகக் கிளிப்பைத் திறங்கள். கிளிப்பை மூடாமல் டப்பாவை அமுக்கினால் உள்ளே இருந்த அழுக்கு நீர் புண்ணுக்குள் திரும்பிப் போகும். கிளிப்பைத் திறக்க மறந்தால் நீர் உள்ளே தேங்கும். இரண்டு தவறுமே தினமும் நடப்பவை. மூடியின் உள்பக்கத்தைக் கையால் தொடக் கூடாது.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரே நேரத்தில் காலி செய்து, தேதி, நேரம், அளவு, நிறம் எழுதுங்கள். முதல் சில நாள் 100, 200 மி.லி. என்று வருவது வழக்கம். நிறம் சிவப்பில் தொடங்கி, இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் ஊறிய தண்ணீர் போல மஞ்சளாகும். 24 மணி நேரத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் டியூபை எடுப்பது பரவலான வழக்கம். தொடையிடுக்கில் 2, 3 வாரம் ஆவது சாதாரணம். சில டாக்டர்கள் 50 மி.லி. என்று வைத்திருப்பார்கள். உங்கள் டாக்டரின் கணக்கைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அளவு இறங்கவே இல்லை என்பதற்காக வாரக்கணக்கில் விட்டுவைத்தால் டியூப் வழியே கிருமி ஏறும், அதுவும் நல்லதல்ல.

நேற்று 120 மி.லி. வந்தது, இன்று 5 என்றால் மகிழாதீர்கள். வற்றுவது படிப்படியாகத்தான் நடக்கும். திடீரென்று நின்றால் அடைப்பு. டியூப் மடங்கியிருக்கிறதா, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாரா, கிளிப் மூடியிருக்கிறதா, டியூபுக்குள் கருஞ்சிவப்புக் கட்டி நிற்கிறதா என்று பாருங்கள். தோல் ஓரத்தில் டியூபை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் டப்பா பக்கமாக நீவிவிட்டால் சின்னக் கட்டி நகரும். நகராமல், தொடையிடுக்கும் உப்பினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டியூபின் பக்கத் துளை தோலுக்கு வெளியே தெரிந்தால் காற்றுதான் உறிஞ்சப்படுகிறது என்று அர்த்தம். வெளியே வந்ததை உள்ளே தள்ளவே கூடாது. அப்படியே சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள்.

டப்பாவைத் தொங்கவிட ஒரு சின்ன மஞ்சள் பை போதும். தோளில் மாட்டாதீர்கள், இடுப்புக்குக் கீழே, புண்ணைவிடத் தாழ்வாக இருக்கட்டும். பாவாடை நாடாவிலோ லுங்கி முடிச்சிலோ நேரடியாகக் கட்டினால், எழும்போது இழுத்துவிடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியேறுவது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நீர். "புண் சீழ் பிடிக்கும்" என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி ரசஞ்சோற்றில் போட்டு வைக்கும் பத்தியம் இந்த நேரத்தில் நேர்மாறான வேலை செய்கிறது. முட்டை, மீன், பயறு, தயிர் தாராளமாகக் கொடுங்கள்.

தையல் பிரச்சினைகள்

தொடையிடுக்குப் புண் மோசமான இடத்தில் இருக்கிறது: மடிப்பு, வியர்வை, உராய்வு, பக்கத்திலேயே கழிவு வெளியேறும் இடம். அக்குளைவிட இங்கே கிருமித் தொற்றும், தையல் விடுவதும் அதிகம். ஒரு பழைய பெரிய ஆய்வில் காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும், முழுவதும் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு சிக்கல் வந்தது. ஆகவே தையல் கொஞ்சம் விடுவது கைராசியில்லாத டாக்டரின் வேலை என்று ஊர் பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

தோல் விளிம்பு முதலில் ஊதா நிறமாகி, பிறகு கறுத்து, பொருக்காகும். சின்னதாக இருந்தால் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறும். அகலமானால் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டிவரும். சூடு, சிவப்பு, நாற்றம், கலங்கிய நீர், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் எல்லாம் தொற்றின் அடையாளம். மஞ்சள் பத்து, வேப்பிலை அரைப்பு, சாம்பல் எதுவும் தையலில் வேண்டாம்.

டியூப் எடுத்தபின் அந்த இடம் தண்ணீர்ப் பை போல உப்பலாம். அது நீர்க்கட்டு. சிறியது தானே வற்றும். பெரிதாகி இழுத்தால் டாக்டர் சுத்தமான ஊசியால் உறிஞ்சி எடுப்பார், சிலருக்கு நாலைந்து முறைகூட. ஊரில் "ஊசி குத்தி எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது முன்வந்தால் விடாதீர்கள். சுத்தமான நீர்க்கட்டு சீழ்க்கட்டாவதற்கு ஒரு குத்து போதும்.

கெண்டைக்கால் திடீரென்று கனத்து, அமுக்கினால் வலித்து, ஒரே நாளில் வீங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்; 108-ஐ அழையுங்கள். இதைத் தடுக்கத்தான் வயிற்றுத் தோலில் எனாக்சாபரின் போன்ற ஊசி போடுகிறார்கள். வீட்டுக்கு எழுதிக் கொடுத்தால் பாதியில் விடாதீர்கள். படுத்த நிலையிலேயே பாதத்தை மேலும் கீழும் மணிக்கு 20 முறை ஆட்டச் சொல்லுங்கள்.

அரிதான ஒன்று: புண் அழுகித் தொடையின் பெரிய ரத்தக்குழாய் வரை எட்டுவது. அறுவையின்போதே ஒரு தசையைத் திருப்பிக் குழாயின்மேல் போர்வையாகத் தைப்பது இதற்காகத்தான். சீழ் பிடித்த புண்ணிலிருந்து பளிச்சென்று புது ரத்தம் வந்தால், சுருட்டிய சுத்தமான துணியால் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்து, கையை எடுக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் ஆபத்து.

தொடையின் முன்பக்கம் மரத்துப்போவது பலருக்கும் நடக்கும். சிறு உணர்வு நரம்புகள் அறுபடுகின்றன. ஓரளவு திரும்பும், முழுக்கத் திரும்பாமலும் போகும். மரத்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது.

வடிகால் இல்லாத கால்

ரத்தக்குழாய் பாசன வாய்க்கால் என்றால் நிணநீர்க்குழாய் வடிகால். வடிகாலை வெட்டிவிட்டால் வயலில் தண்ணீர் நிற்கும். நிணநீர் வீக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் தலைகாட்டும், எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

ஆரம்பத்தில் மாலையில் மட்டும் செருப்பு வார் பதியும், மெட்டி இறுகும், காலையில் சரியாகிவிடும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் நீர் தேங்கிய இடத்தில் நார் படிந்து தோல் தடித்துவிடும். பிறகு விரலால் அமுக்கினாலும் குழி விழாது. இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மறுகாலில் தூக்க முடிகிறது, இதில் முடியவில்லை என்றால் அது நிணநீர் வீக்கம்தான். பழைய நோட்டை எடுத்து அளந்து பாருங்கள்: ஏதாவது ஒரு புள்ளியில் முன்னளவைவிட 2 செ.மீ. கூடியிருந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் போக வேண்டும். முதல் வருடம் மாதம் ஒரு முறை, காலை வேளையில் அளந்தால் போதும்.

சிகிச்சையின் முதுகெலும்பு அழுத்தக் காலுறை. கால் வீக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு, அதாவது கணுக்காலில் 23 முதல் 32 மி.மீ. பாதரச அழுத்தம் தருவது எழுதுவார்கள். மெடிக்கலில் தொங்கும் "வெரிகோஸ் சாக்ஸ்" ஒன்றைக் குத்துமதிப்பாக வாங்கி மாட்டாதீர்கள். அளவு எடுத்து, தொடைவரை வரும் காலுறையாக வாங்க வேண்டும். முழங்காலோடு நின்றால் தொடையில் நீர் தேங்கும். மேல் விளிம்பைச் சுருட்டிவிட்டால் அது கயிறு கட்டியது போல இறுக்கி நிலைமையை மோசமாக்கும். காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளங்கையால் தேய்த்து ஏற்றினால் சுலபம். இரவில் கழற்றிவிடலாம். இரண்டு ஜோடி வேண்டும்: ஒன்று காலில், ஒன்று கொடியில், அதுவும் நிழலில். 4 முதல் 6 மாதத்தில் இழுவை போய்விடும். இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

சித்திரை வெயிலில் இதைப் போடுவது தண்டனைதான், மறுப்பதற்கில்லை. ஈரத் துணியால் காலுறையின் மேலேயே ஒற்றி, மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும். முழு நாளும் முடியாது என்றால், நிற்கிற நடக்கிற நேரத்திலாவது போடுங்கள். மதியம் படுக்கும்போது கழற்றுங்கள். பீரோவில் கிடக்கும் காலுறையைவிட எட்டு மணி நேரம் போட்ட காலுறை மேல்.

கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை வைக்காதீர்கள். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, வெந்நீர் ஊற்றுவது கூடாது. நிணநீரை நகர்த்தும் மசாஜ் என்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்வது தோலை மட்டும் லேசாக இழுப்பது. நாட்டு வைத்திய நீவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீர் போக்கும் மாத்திரை இந்த வீக்கத்தைக் குறைக்காது. ஆண்டுதோறும் கொடுத்து வந்த யானைக்கால் தடுப்பு மாத்திரையும் இதற்கு மருந்தல்ல. ஆனால் யானைக்கால் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் கால் கழுவும் முறை அப்படியே இதற்கும் பொருந்தும்: தினம் இரு வேளை சோப்பு, விரல் இடுக்கில் ஈரம் இல்லாத துடைப்பு, கீறல் இருந்தால் அன்றே மருந்து.

வயல் வேலை? நடவு, களை என்று சேற்றுக்குள் இறங்குவதை விட்டுவிட வேண்டும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். காவிரிப் படுகைக் களிமண் பூட்ஸைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், உள்ளே சேறும் புகும், கால் ஊறும். வரப்பில் மூடிய செருப்போடு நின்று வேலை வாங்குவது, நாற்றுக்கட்டு எண்ணுவது, களத்து மேடு, கணக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். கருவேல முள் நிறைந்த இடத்தில் மெல்லிய ரப்பர் செருப்பு பயனற்றது. பைக்கில் பின்னால் உட்காரும்போது வலது கால் சைலன்சரில் படாமல் பாருங்கள். மரத்த காலுக்குச் சூடு தாமதமாகத்தான் உறைக்கும். கோயில் பிரகாரக் கருங்கல்லுக்கும் இதுவே கதி. விடியற்காலையில் போய்வருவது நல்லது. கொலுசு, மெட்டியை அந்தக் காலில் போடாமல் இருப்பது உத்தமம். சென்னைக்குப் பேருந்தில் போவதானால் மணிக்கு ஒரு முறை எழுந்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

இந்தக் காலில் வருகிற காய்ச்சலை வைரல் என்று விடாதீர்கள். நடுங்கிக் குளிர் எடுத்து, சில மணி நேரத்தில் கால் சிவந்து கொதிக்கும். வடிகால் இல்லாத காலில் கிருமி வேகமாகப் பரவும். ஒவ்வொரு தாக்குதலும் மிச்சக் குழாய்களையும் கெடுத்து வீக்கத்தைக் கூட்டும். அன்றே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வைத்தால், மருந்து கேட்கிறதா என்று மறுநாள் தெரிந்துவிடும். இதற்கு வழக்கமான 5 நாள் மாத்திரை பல சமயம் போதாது. 2 வாரம் வரை தேவைப்படும். காலுறையை அந்த நாட்களில் கழற்றி வைத்து, சிவப்பும் வலியும் தணிந்ததும் திரும்பப் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்தால், தொடர்ச்சியாகப் பென்சிலின் கொடுப்பது பற்றிக் கேளுங்கள்.

அக்குளும் கழுத்தும்

கை மெலனோமாவுக்கு அக்குள் நெறி எடுத்தால் மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகும், தோள் இறுகும். டாக்டர் அனுமதித்ததும் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைத் தொடங்குங்கள். வலிக்கு பயந்து கையை வயிற்றோடு ஒட்டி வைத்தால் தோள் உறைந்துவிடும். தோள்பட்டை எலும்பு இறக்கை போலப் பின்னால் துருத்தினால் அதற்குரிய நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்த்தாலே வீங்கிவிடும் என்ற பயம் மிகை. மறுகை இருக்கும்போது மறுகையில் பார்க்கச் சொன்னால் போதும். கழுத்தில் எடுத்தவர்களுக்குத் தோள் தொங்குவதும், உதட்டோரம் கோணுவதும் வரலாம். இரண்டையும் முதல் தவணையிலேயே காட்டுங்கள்.

தவணைக்கு நடுவே

மாதம் ஒரு நாள், குளிக்கும் முன், கட்டி இருந்த இடத்திலிருந்து தொடையிடுக்கு வரை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழியில் தோலுக்கடியில் மிளகு, பயறு அளவில் கட்டிகள் தோன்றலாம். கறுப்பாகத்தான் இருக்கும் என்றில்லை, தோல் நிறத்திலும் இருக்கும். மறுபக்கத் தொடையிடுக்கு, இரண்டு அக்குள், மறுபாதம், நகங்கள் எல்லாம் இதில் சேரும். உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

நோயியல் ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வையுங்கள். அதில் எத்தனை கணு எடுத்தார்கள், எத்தனையில் நோய், கணுவின் உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா என்ற மூன்றும் இருக்க வேண்டும். அடுத்த மருந்து எது என்பது இதை வைத்துத்தான். ராத்திரி காய்ச்சலோடு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினால், வீங்கிய காலைப் பார்த்ததும் யானைக்கால் என்று எழுதிவிடும் வாய்ப்பு இந்தப் பக்கத்தில் அதிகம். அதனால் ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள்: "இடது உள்ளங்கால் மெலனோமா. இடது தொடையிடுக்கு நெறி முழுவதும் எடுக்கப்பட்டது, மாதம், வருடம். இந்தக் காலில் ஊசி, டிரிப் வேண்டாம். காய்ச்சலும் சிவப்பும் இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக். இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது: ______."